விடுபட்ட பதிவுகள்: மலையக இலக்கிய ஆய்வும் தரவுத்தளத் தேடலின் குறைபாடுகளும்

ஈழத்துத் தமிழியல் ஆய்வேடுகளிலே அண்மைக்காலத்தில் ஒரு வாக்கியம் மிகுதியாக வழங்கக் காண்கின்றோம். “இப்பொருள் பற்றி வேறு ஆக்கங்கள் எவையும் கிடைத்தில” என்பதே அவ்வாக்கியம். முன்னர் இவ்வாறு எழுதத் துணியும் ஆய்வாளன் நூலகங்கள் பலவற்றில் ஏறியிறங்கி, அட்டைப் பெட்டிகளைப் புரட்டி, பழைய பத்திரிகைக் கட்டுகளின் தூசியை உண்டு, அதன் பின்னரே அச்சத்தோடு அதனை எழுதுவான். இன்று கணினியின் முன் அமர்ந்து ஒரு சொல்லைத் தட்டச்சுச் செய்து, திரையில் வந்தவற்றை எண்ணி, வராதவை இல்லாதவை என்று முடிவு செய்தல் எளிதாகிவிட்டது. தரவுத்தளம் தந்த விடை முழுமையானதா என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவை மலையக இலக்கிய ஆய்வின் பின்னணியில் எழுப்பி, விடை குறைவுபடுவதற்கான காரணங்களை இலக்கிய மாணவர்க்கு விளங்கும் வகையில் எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலிற் குறிப்பிடுதல் தகும். ஹட்டன் பகுதித் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவி ஒருவர் 1930 முதல் 1950 வரையிலான தோட்டத் தொழிலாளர் பாடல்கள் பற்றி ஆய்வேடு ஒன்றைத் தயாரித்தார். நூலகமொன்றின் இணையப் பட்டியலில் ‘மலையகம்’, ‘தோட்டத் தொழிலாளர்’ ஆகிய சொற்களைக் கொண்டு தேடினார். கிடைத்தவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கினார். அக்காலப்பகுதியிலே பெண்குரல் எதுவும் பதிவாகவில்லை என்பது அவர் கண்ட முடிபுகளுள் ஒன்று. மேற்பார்வை செய்த நானும் அதனை ஏற்றுக்கொண்டேன். ஏற்றதோடு அமையாது கருத்தரங்கக் கட்டுரையொன்றில் அம்முடிபை எடுத்தாளவும் செய்தேன். சில மாதங்கள் கழித்து வேறொன்றைத் தேடி அதே நூலகத்திற்குச் சென்றபோது, மூலையில் ஒதுக்கப்பட்டிருந்த பழைய அட்டைப் பெட்டியில் ஓர் அட்டை கண்ணிற்பட்டது. மீனாட்சியம்மாளின் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாடல் நூலுக்குரிய அட்டை அது. 1940இல் வெளிவந்த நூல். கோ. நடேசய்யரின் துணைவியாராக மட்டுமன்றி, தோட்டந்தோறும் கூட்டங்களிற் பாடித் தொழிலாளரைத் திரட்டிய இயக்கப் பாடகியாகவும் விளங்கியவர் மீனாட்சியம்மாள். மலையக இலக்கிய வரலாற்றிற் சற்றேனும் பழகியவர் அறியாத பெயரன்று அது. அறிந்த பெயரையே மறக்கச் செய்யும் அளவிற்குத் திரையின் அதிகாரம் எம்மீது படிந்திருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது.

வீடு திரும்பி இணையப் பட்டியலில் நூலின் தலைப்பை முழுமையாக இட்டுத் தேடினேன். நூல் அங்கே இருந்தது! தரவுத்தளத்தில் இருந்த பதிவு, நாம் கேட்ட வினாவிற்கு விடையாக வரவில்லை. ஏன் வரவில்லை?

கணினித்துறை நண்பர் ஒருவரும் நூலகத்தின் பட்டியலைப் பேணும் ஊழியரும் உதவ, இவ்வினாவைச் சில வாரங்கள் தொடர்ந்தோம். நண்பர் தொடக்கத்திற் கூறியது எனக்குத் தோட்ட வாழ்வின் பழைய காட்சியொன்றை நினைவூட்டியது. கொழுந்து மலையில் ஒருமுறை நிறுக்கப்படும். தொழிற்சாலையில் மறுமுறை நிறுக்கப்படும். இடையில் கூடைக்கென்றும் ஈரத்திற்கென்றும் கழிவு வெட்டப்படும். மாலையிற் கணக்குக் குறைந்தால் அரைப்பேர். எந்த இடத்தில் எவ்வளவு குறைந்தது என்பதை அறிந்தவளே கணக்கப்பிள்ளையோடு வாதாட முடியும். “குறைகிறது” என்று பொதுவாகச் சொல்பவளின் வாதம் எடுபடாது. தரவுத்தள விடையும் அவ்வாறே பல கட்டங்களைக் கடந்து வருகின்றது. தரவுத்தளத்திலிருந்து சேவையகத்தில் இயங்கும் நிரலுக்கும், நிரலிலிருந்து மறைகுறியாக்கப்பட்ட இணைப்பின் வழியே வாசகரின் மேலோடிக்கும், மேலோடியிலிருந்து திரைக்கும் அது வந்து சேர்கின்றது. ஒவ்வொரு கட்டத்திலும் நின்று எண்ணிப் பார்த்தாலன்றி இழப்பு நிகழ்ந்த இடம் புலப்படாது. ஆகவே, முதலிற் செய்யத்தக்கது அதே நிபந்தனையைத் தரவுத்தளத்திலேயே நேரடியாக இட்டு, எத்தனை பதிவுகள் பொருந்துகின்றன என்று எண்ணச் செய்தல். அவ்வெண்ணும் திரையில் வந்த எண்ணும் ஒன்றாயின் குறை வினாவிலோ பதிவிலோ உள்ளது. வேறுபடின் வழியில் உள்ளது. இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும். பலர் இதனைச் செய்யாமலே சேவையகத்தைக் குறைகூறுவர்; சேவையகத்தைப் பேணுபவரோ பயனரைக் குறைகூறுவார்.

எமது விடயத்தில் இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்தன. அதாவது தரவுத்தளமே அந்நூலை விடையாகக் கருதவில்லை.

‘மலையகம்’ என்ற சொல்லைக் கொண்டு அந்நூல் அகப்படாமைக்குக் காரணம் கணினியன்று; வரலாறு. 1940இல் அம்மக்கள் தம்மை அப்பெயராற் சுட்டவில்லை. நூலின் தலைப்பே ‘இந்தியர்கள்’ என்றுதான் கூறுகின்றது. நடேசய்யர் 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அமைத்த தொழிற்சங்கமும் இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனமே. ‘மலைநாடு’ என்ற வழக்கும் உண்டு, சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த நாட்டார் பாடல் நூல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்றே பெயர் பெற்றது. ‘மலையகம்’ ஓர் உணர்வாகவும் அடையாளமாகவும் வலுப்பெற்றமை அறுபதுகளின் இளைஞர் எழுச்சியோடு இணைந்த செய்தி. எனவே இன்றைய சொல்லைக் கொண்டு அன்றைய நூலைத் தேடுபவர், தம் காலத்தின் உணர்வைப் பெற்ற ஆக்கங்களை மட்டுமே காண்பர். பழைய அட்டைப் பட்டியலில் இதற்கு ஒரு மருந்து இருந்தது: ‘மலைநாடு – காண்க: மலையகம்’ என்றவாறான வழிகாட்டி அட்டை. அதற்கு நிகரான பெயரொழுங்குக் கோவையை நூலகவியலார் இன்றும் அமைக்கின்றனர். ஆனால் அட்டைகளைக் கணினியில் ஏற்றும் அவசரத்தில் முதலிற் கைவிடப்படுவது வழிகாட்டி அட்டையே. அதிலே நூல் எதுவும் இல்லையல்லவா!

‘தோட்டத் தொழிலாளர்’ என்ற பொருட்சொல் அந்தப் பதிவிலே தெளிவாக இருந்தது. கண்ணால் வாசிக்க முடிந்தது; ஆயினும் தேடல் அதனைக் காணவில்லை. இவ்விடமே எனக்கு மிகுந்த வியப்பை அளித்தது. சற்று விரிவாக நோக்குவோம்.

ஒருங்குறியில் ‘தோ’ என்ற எழுத்தினை இருவகையாக எழுதலாம். தகரத்தையடுத்து ஓகார உயிர்க்குறியை ஒரே குறியீடாக இடுதல் ஒருவகை. தகரத்தையடுத்து இரட்டைக் கொம்பையும் அதன்பின் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடுதல் மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. அச்சிலும் ஒன்றே. ஒருங்குறித் தராதரமும் அவை நிகரானவை என்றே விதிக்கின்றது. ஆனால் குறியீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிடும் தரவுத்தளத்திற்கு அவை வெவ்வேறு சொற்கள். ‘தோட்டம்’ முதல்வகையில் ஏழு குறியீடுகள், இரண்டாம் வகையில் எட்டு. யு.ரி.எஃப்-8 குறிமுறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடங்கொள்வதால், முதலாவது 21 பைட்டு, மற்றது 24 பைட்டு. தோட்டம், தொழிலாளர், கொழுந்து, கோப்பி, பொகவந்தலாவை, டிக்கோயா: மலையக வாழ்வைச் சுட்டும் சொற்களில் எத்தனை இக்கொம்பும் காலும் தாங்கி வருகின்றன என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அப்பதிவில் இரண்டாம் வகை எவ்வாறு நுழைந்தது? அட்டைகள் முதன்முதலாகக் கணினியில் ஏற்றப்பட்ட காலத்தில் இலங்கையிற் பரவலாக வழங்கியது ‘பாமினி’ எழுத்துரு. அதிலே ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டிருந்தன. கணினியைப் பொறுத்தவரை சேமிக்கப்பட்டது ஆங்கில எழுத்தே. ‘கே’ என்ற ஆங்கில எழுத்து, பாமினியில் மகரமாகத் தோன்றும். தட்டச்சுப் பொறியிற் போலக் கொம்பு ஒரு விசை, கால் ஒரு விசை. பின்னர் இவை ஒருங்குறிக்கு மாற்றப்பட்டபோது, மாற்றிய நிரல் கொம்பையும் காலையும் ஒன்றிணைக்காது தனித்தனியாகவே விட்டிருந்தது. மாணவியோ இன்றைய விசைப்பலகையிற் தட்டினார். அது ஒரே குறியீட்டைத் தந்தது. ஆக, கேட்டவரும் பதிந்தவரும் ஒரே சொல்லையே எழுதியும் இரண்டும் சந்திக்கவில்லை. அவ்விடைவெளியிலே ஒரு பெண் கவிஞர் மறைந்து போனார்.

தீர்வு கடினமன்று. பதிவுகள் அனைத்தையும் ஒரே வடிவிற்கு ஒழுங்குபடுத்தி, வரும் வினாவையும் அதே வடிவிற்கு மாற்றிய பின் ஒப்பிடுதல் வேண்டும். இதற்கான ஒழுங்காக்க முறைகளை ஒருங்குறித் தராதரமே வகுத்துள்ளது. நிரல்மொழிகள் பலவற்றில் ஒரு வரியிற் செய்துவிடலாம். ஆயினும் இம்முறை சரிசெய்யாதவையும் உள. ஔகாரக் குறியின் பிற்பகுதியும் ளகரமும் தோற்றத்தில் ஒன்றாதலால் ‘கௌரவம்’ என்பதைக் கொம்பு, ககரம், ளகரம் எனத் தட்டுவோர் பலர். அது எழுத்துப்பிழை, எந்த ஒழுங்காக்கமும் அதனைத் தானாகத் திருத்தாது. ‘ஸ்ரீ’யின் நிலையும் அவ்வாறே. ஷகரத்தின் வேறான ‘ஶ’ ஒருங்குறியில் 2005இற் சேர்க்கப்பட்டதன் பின்னர் அதற்கும் இரண்டு எழுத்துமுறைகள் உண்டாயின. பழைய கோப்புகளிலிருந்து வெட்டி ஒட்டும்போது ஒட்டிக்கொண்டு வரும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் இங்கே சேர்த்தெண்ணுதல் வேண்டும்.

எழுத்தைக் கடந்தாற் சொல். தமிழ்ச் சொல் வேற்றுமையேற்று உருமாறும் என்பதைத் தேடுபொறி அறியாது. ‘மலையகம்’ என்று தேடினால் ‘மலையகத்தின்’, ‘மலையகச் சிறுகதை’ என்பன பொருந்தா. ஈற்று மகரமெய் அங்கே இல்லை. தெளிவத்தை ஜோசப்பின் ‘மலையகச் சிறுகதை வரலாறு’ போன்ற அடிப்படை நூல்கூட இவ்வாறு தவறிப்போகலாம். ‘மலையக’ என்ற பகுதியை மட்டும் இட்டுத் தேடுதல் இதற்கு எளிய மாற்று. பெயர்களில் இடர் இன்னும் மிகுதி. நடேசய்யர், நடேச ஐயர், நடேசஐயர், ஹட்டன், அட்டன், தலவாக்கலை, தலவாக்கொல்லை. சி.வி. வேலுப்பிள்ளையின் பெயர் ‘ஸி.வி.’ என்றும் அச்சாகியுள்ளது. மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளங்களின் முழுவாசகத் தேடலோ மிகக் குறுகிய சொற்களைச் சுட்டியிற் சேர்ப்பதில்லை. அதன் பழைய சேமிப்பு முறையில் நான்கு குறியீட்டிற்கும், புதிய முறையில் மூன்றிற்கும் குறைந்த சொற்கள் இயல்பாகவே ஒதுக்கப்படும். ‘சி’ இரண்டு குறியீடு, ‘வி’ இரண்டு குறியீடு. எனவே ‘சி.வி.’ என்ற பெயரால் மலையகம் முழுதும் அறிந்த மனிதர் அத்தேடலில் இல்லாதவர் ஆகிவிடுகின்றார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்திற்குத் தெரிவான அவருடைய ஆங்கில நெடுங்கவிதை 1954இல் நூலாயிற்று. சக்தீ பாலஐயா அதனைத் தமிழிற் தந்த ‘தேயிலைத் தோட்டத்திலே’ 1969இல் வெளிவந்தது. ஆங்கிலப் பதிவையும் தமிழ்ப் பதிவையும் இணைக்கும் குறிப்பு இல்லாத பட்டியலில் இவை இரு வேறு நூல்கள், இரு வேறு ஆசிரியர்கள்.

இதுவரை கூறியவை எழுத்தும் சொல்லும் பற்றியன. இனிக் கூறப்போவது அமைப்புப் பற்றியது. எமது நோக்கில் இதுவே கூடிய முக்கியத்துவம் வாய்ந்தது.

பட்டியல்களிற் பெரும்பாலும் நூல்களுக்கு ஓர் அட்டவணையும் ஆசிரியர்களுக்கு வேறோர் அட்டவணையும் இருக்கும். வினவலின்போது இரண்டும் இணைக்கப்படும். இணைப்பில் இருவகையுண்டு. இரண்டு அட்டவணைகளிலும் பொருந்தும் வரிகளை மட்டும் தருவது உள்ளிணைப்பு. ஆசிரியர் இல்லாவிடினும் நூலின் வரியைக் காத்து, ஆசிரியரின் இடத்தை வெறுமையாக விட்டுத் தருவது இடப்புற வெளியிணைப்பு. நிரலர் எதனையும் சிந்தியாது எழுதினால் கைக்கு வருவது முதலாவதே. அதன் விளைவு யாது? ஆசிரியர் பெயரற்ற ஆக்கம் விடையில் வராது. அது பிழையென்று எந்த எச்சரிக்கையும் தோன்றாது. மலையகத்தின் வாய்மொழிப் பாடல்கள், மாரியம்மன் விழாவுக்குரிய கூத்துப் பிரதிகள், வேலைநிறுத்தக் காலத்துத் துண்டுப் பிரசுரங்கள் ஆகியவற்றிற்கு ஆசிரியர் யார்? ஆசிரியன் என்ற தனிமனிதனை ஆக்கத்தின் உரிமையாளனாகக் கொள்ளும் எண்ணம் அச்சு முதலாளித்துவத்தோடு வளர்ந்தது. அவ்வெண்ணம் தரவுத்தளத்தின் அட்டவணை அமைப்பாக உறைந்து நிற்கும்போது, கூட்டாகப் பாடிய வர்க்கத்தின் பாடல் தொழினுட்பக் காரணத்தாலேயே மறைகின்றது. இதனைச் சதியென்று கூறமாட்டேன். எல்லாவற்றையும் சதியென்று முடித்துவிடுதல் ஆய்வாகாது. அந்நிரலை எழுதியவர் தோட்டத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். கருத்தியல் தொழிற்படுவது பெரும்பாலும் இவ்வாறு, எவரும் எண்ணாமலே, இயல்பானதென்று கொள்ளப்பட்ட வடிவங்களின் வழியாகத்தான்.

ஆண்டின் நிலையும் இதனை ஒத்ததே. துண்டுப் பிரசுரங்கள் பலவற்றில் ஆண்டு அச்சிடப்படுவதில்லை. அத்தகைய பதிவில் ஆண்டுக்குரிய இடம் வெற்றாக இருக்கும். தரவுத்தள மொழியில் வெற்று என்பது பூச்சியமன்று. ‘அறியப்படாதது’ என்று பொருள். ‘1930க்கும் 1950க்கும் இடைப்பட்டவை’ என்று கேட்டால் அறியப்படாதது அதற்குள் அடங்காது. வேடிக்கை யாதெனில், ‘1930க்கும் 1950க்கும் இடைப்படாதவை’ என்று கேட்டாலும் அது வராது. இரண்டு விடைகளையும் கூட்டினாலும் முழுத்தொகை கிடைக்காது என்பதைக் கண்டபோது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் பின் இந்நாட்டவருமல்லாது இந்திய நாட்டவருமல்லாது நின்ற மக்களின் நினைவு எனக்கு வந்தது. 1964 ஒக்ரோபர் 30இல் ஒப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று விட்டது. அவ்வெச்சம் 1974இலேயே இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது. ஒப்புமையை மேலும் இழுக்க விரும்பவில்லை. வெற்றிடத்தைத் தனியாகக் கேட்டாலன்றி அது விடையில் வராது என்பதே இங்கு வேண்டப்படுவது.

குடிசன மதிப்பீட்டுத் தரவுகளைக் கையாளும் சமூகவியல் மாணவருக்கும் ஒரு சொல். 1911 முதல் ‘இந்தியத் தமிழர்’ தனிப்பிரிவாக எண்ணப்பட்டு வந்தனர். சனத்தொகையில் அவர்தம் பங்கு 1971இல் நூற்றுக்கு 9.3 வீதம், 1981இல் 5.5 வீதம், 2012இல் 4.1 வீதம் எனக் குறைந்து வந்துள்ளது. ஒப்பந்தத்தின்படி தாயகம் அனுப்பப்பட்டமை இதற்கொரு காரணம். தம்மை ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்துகொண்டமை மற்றொரு காரணம். 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டிற் பிரிவின் பெயரோடு ‘மலையகத் தமிழர்’ என்பதும் சேர்ந்துள்ளது. பெயர் மாறிய ஒரு பிரிவை ஒரே சொல்லால் நூறாண்டுக்கும் வினவுபவர் பெறும் வரிசையில் எது மக்களின் குறைவு, எது பெயரின் குறைவு என்று பிரித்தறிதல் இயலாது.

நூலகத்தின் பட்டியலிற்கு மீள்வோம். தரவுத்தளத்தினுள் நிகழ்ந்த குறைகளைத் திருத்தியபின், எதிர்பாராத வகையில் வேறொரு குறை தோன்றியது. இம்முறை தரவுத்தளத்தின் எண்ணும் திரையின் எண்ணும் வேறுபட்டன. விடை பெரிதானதும் வழி அடைபட்டுவிட்டது.

முதலில், காட்சியின் எல்லை. பட்டியல்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வரிகளைத் தருவதில்லை. தரவுத்தளக் கருவிகளும் அவ்வாறே, மைஎஸ்கியூஎல் வேர்க்பெஞ்ச் இயல்பாக 1000 வரிகளோடு நிறுத்திக்கொள்ளும். பக்கம் பக்கமாகப் பிரித்துத் தரும்போது வரிசைமுறை தெளிவாக விதிக்கப்படாவிடின், ஒரு பதிவு இரண்டு பக்கங்களில் வரவும் வேறொன்று எப்பக்கத்திலும் வராதொழியவும் கூடும். பல பொருட்சொற்களை ஒரே வரியாகக் கோத்துத் தரும் மைஎஸ்கியூஎல் செயற்பாட்டிற்கு 1024 பைட்டு இயல்பான எல்லை. ஆங்கிலத்துக்கு அது ஆயிரத்துச் சொச்சம் எழுத்து. தமிழுக்கு 341 குறியீடு மட்டுமே. ஒரு நூலின் பொருட்சொற் பட்டியல் நடுவிலே வெட்டுண்டு நிற்பதன் காரணம் இதுவே.

வெட்டு எழுத்தின் நடுவிலும் விழலாம். பைட்டுகளை எண்ணி வெட்டும் நிரல், மூன்று பைட்டுக் கொண்ட தமிழ்க் குறியீட்டை இரண்டாவது பைட்டில் வெட்டிவிட்டால் எஞ்சுவது எழுத்தன்று. பீ.எச்.பி. மொழியில் விடையைப் பொதிசெய்யும் செயற்பாடு அத்தகைய ஒரு சிதைந்த எழுத்தைக் கண்டதும் முழுப் பொதியையும் கைவிட்டுவிடும். ஒரு பதிவின் ஓரெழுத்துப் பழுதால் அப்பக்கத்தின் எல்லாப் பதிவுகளும் வெறுமையாகின்றன. எமது பட்டியலில் ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக வந்ததற்கு இதுவே காரணம் என்பதைக் கண்டுபிடிக்க நண்பருக்கு இரண்டு நாள் பிடித்தது.

இனிப் ‘பாதுகாப்பான சேவையகம்’ என்ற தொடரைப் பற்றி. மேலோடிகள் நெடுங்காலம் முகவரியின் அருகே பூட்டுச் சின்னமொன்றைக் காட்டி வந்தன. அதைக் கண்டவர் பலர் உள்ளே இருப்பது நம்பத்தக்கது, முழுமையானது என்று கொண்டனர். பூட்டு உறுதிசெய்வது வழியை மட்டுமே. அனுப்பப்பட்டது இடையில் வாசிக்கப்படவில்லை, மாற்றப்படவில்லை, சொல்லப்பட்ட முகவரியிலிருந்தே வந்தது. இவ்வளவே அதன் சான்று. குறைவாக அனுப்பப்பட்டிருந்தால், குறைவானதையே அது பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும்.

அவ்வழியிலும் இழப்பு நிகழ இடமுண்டு. விடையின் நீளம் எத்தனை பைட்டு என்று சேவையகம் முன்கூட்டியே அறிவிப்பதுண்டு. நிரலர் பைட்டுக்குப் பதிலாக எழுத்துக் குறியீடுகளை எண்ணி அறிவித்துவிட்டால், மேலோடி அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும். ஆங்கிலப் பக்கத்தில் இத்தவறு ஒருபோதும் வெளிப்படாது. முழுவதும் தமிழெழுத்தாலான விடையாயின் மூன்றிலொரு பங்கே வந்து சேரும். தமிழ்ப் பக்கம் மட்டும் வெட்டுண்டு வருமாயின் முதலில் இதனை ஐயுறுதல் வேண்டும். பெரிய விடைகளைத் தற்காலிகமாக வட்டில் எழுதிவைத்து அனுப்பும் என்ஜின்எக்ஸ் போன்ற சேவையக மென்பொருள், அவ்விடத்தில் எழுத அனுமதியின்றியோ வட்டு நிரம்பியோ இருந்தால், நினைவகத்தில் அடங்கியதை மட்டும் அனுப்பி இணைப்பை முறித்துவிடும். சிறு விடைகள் எல்லாம் முழுமையாக வரும், பெரிய விடை மட்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் அறுபடும். இதுவே அதன் அடையாளம். சேவையகத்தின் பிழைப்பதிவேட்டில் ‘அனுமதி மறுப்பு’ என்ற வரி காத்திருக்கும். எமக்கும் அவ்வாறே நிகழ்ந்தது. சேவையகத்தைப் புதிய பொறிக்கு மாற்றிய வேளையில் ஓர் அடைவின் உரிமை மாறிப் போயிருந்தது. ஒரு கட்டளையில் தீர்ந்தது.

பழைய இணைப்பு முறையிலிருந்து பாதுகாப்பான முறைக்கு மாறிய தளங்களில் வேறொரு குறை உண்டு. பக்கம் பாதுகாப்பான வழியில் வரும். அதனுள் உள்ள ஒரு பகுதி, பழைய பாதுகாப்பற்ற முகவரியிலிருந்து மேலும் பதிவுகளை அழைக்க முயலும். மேலோடி அதனை மறுத்துவிடும். வாசகர் காண்பது முதற்பத்துப் பதிவுகளும், அதன்கீழ் ஓயாது சுழலும் ஒரு வட்டமும். உறுப்பினர்க்கு மட்டும் உரிய பதிவுகளுள்ள தளங்களில் நுழைவுக் காலம் முடிந்துவிட்டால், முதற்பக்கத்தை உறுப்பினராகவும் இரண்டாம் பக்கத்தை விருந்தினராகவும் காண நேரும். நீண்ட தமிழ்ச் சொற்றொடரை முகவரியிலேயே சுமந்து செல்லும் தேடலில், ‘மலையகம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல் ஏழு குறியீடாகி, இருபத்தொரு பைட்டாகி, முகவரியில் அறுபத்து மூன்று எழுத்தாக நீள்கின்றது. பல சொற்களைச் சேர்த்துத் தேடும்போது சேவையகத்தின் முகவரி எல்லையை அது தாண்டுதலும் கூடும்.

இவற்றையெல்லாம் இலக்கிய மாணவர் தாமே திருத்த வேண்டுமென்று கூறவில்லை. ஆயின் தேடியது எவ்வாறு என்பதை எழுதுதல் அவர் கடமை. எந்தப் பட்டியலில், எந்த நாளில், எந்தெந்தச் சொற்களால், எவ்வெழுத்து வேறுபாடுகளுடன் தேடினார், விடையின் மொத்த எண் யாது, ஆசிரியரற்றவையும் ஆண்டற்றவையும் தனியே கேட்கப்பட்டனவா என்பன ஆய்வேட்டின் முன்னுரையில் இடம்பெறல் வேண்டும். இருக்கிறதென்று ஏற்கெனவே அறிந்த ஒரு நூலைத் தேடலில் வருகிறதா என்று பார்த்த பின்னரே, இல்லையென்ற முடிபிற்குச் செல்லுதல் தகும். நாங்கள் அந்த எளிய சோதனையைச் செய்திருந்தால், மீனாட்சியம்மாளின் பெயரே எமக்குப் போதுமாயிருந்திருக்கும்.

மாணவியின் ஆய்வேடு திருத்தப்பட்டது; எனது கருத்தரங்கக் கட்டுரையிலும் அப்பகுதியை நீக்கியுள்ளேன். நூலகப் பட்டியலில் எழுத்து வடிவம் ஒழுங்குபடுத்தப்பட்டு, உள்ளிணைப்பு வெளியிணைப்பாக மாற்றப்பட்டுள்ளது. வழிகாட்டி அட்டைகளைக் கணினியில் ஏற்றும் பணி இன்னும் முடியவில்லை. ஆசிரியர் பெயரின்றி இப்போது வந்து சேரும் பதிவுகளுள், பிரட்டுக்களத்திற் பாடப்பட்டதாகக் குறிப்பிடும் கையெழுத்துத் தாளொன்றும் உண்டு. ஆண்டு இல்லை, தோட்டத்தின் பெயர் பாதி அழிந்துள்ளது. மாணவி அதனைப் படியெடுத்துக்கொண்டு தலவாக்கலைப் பக்கம் சென்றிருக்கின்றார்.